மோஷன்ல ரத்தம் இல்ல, வலி இல்ல, அப்புறம் எதுக்கு ஸ்கோப்?

கேள்வி: எனக்கு வயசு 31. நாலு வருஷமா அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் உள்தோல் வீங்கிப் புண்ணாகற நோய்) இருக்கு, இடது பக்க பெருங்குடல்ல மட்டும்தான்னு சொன்னாங்க. அந்த வீக்கத்தைக் குறைக்கற மெசலமைன் மாத்திரை ஒரு நாளைக்கு 2.4 கிராம், வாரத்துல ரெண்டு நாள் விட்டுப்போகும். போன வருஷம் ரெண்டு தடவை ரத்தம் வந்துச்சு. முதல் தடவை டாக்டர் ஸ்டீராய்டு குடுத்தார், ரெண்டாவது தடவை மிச்சம் இருந்த அட்டையிலேர்ந்து நானே போட்டுக்கிட்டேன், நின்னுடுச்சு. இப்போ அஞ்சு மாசமா ரத்தம் இல்ல, வலி இல்ல, காலைல ரெண்டு தடவை போறேன், நல்லாத்தான் இருக்கேன். வெளியூர் போனா மட்டும் டாய்லெட் எங்கே இருக்குன்னு முதல்ல பார்த்து வச்சுப்பேன், அது பழகிடுச்சு. இப்போ மல டெஸ்ட்ல குடல் வீக்கத்தைக் காட்டற கால்ப்ரோடெக்டின் 680னு வந்திருக்கு, ரத்தத்துல பார்க்கற சிஆர்பி நார்மல். டாக்டர் ஸ்கோப் (கேமரா குழாயை விட்டு குடலை உள்ளே பார்க்கறது) பண்ணணும்ங்கறார், தேவைப்பட்டா நோய் எதிர்ப்பைக் குறைக்கற அசத்தையோப்ரின் மாத்திரை இல்லன்னா பயாலஜிக் ஊசிங்கறார். நல்லா இருக்கற ஆளுக்கு ரிப்போர்ட்டைப் பார்த்து வைத்தியமா? இந்த நோய்ல எதை அடைஞ்சா போதும்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க. அடுத்த வருஷம் குழந்தை பெத்துக்கலாம்னு இருக்கோம், அதுக்கு முன்னாடி மாத்திரை எல்லாம் நிறுத்தணுமா? அப்புறம், மல டெஸ்ட்டுக்கு எந்த நேரத்து மலம் குடுக்கணும்? நான் சாயந்திரம் போனதைத்தான் குடுத்தேன்.

பதில்:

வணக்கம்மா. எதை அடைஞ்சா போதும்னு கேட்டீங்க பாருங்க, இதை நோயாளி கேக்கறதுக்கு முன்னாடி டாக்டர்தான் உக்காந்து சொல்லியிருக்கணும், ஓபில இருக்கற அவசரத்துல பாதி பேர் (நானும் சேர்த்துதான்) மாத்திரை எழுதறதோட விட்டுடறோம், அதனால நோயாளிக்கு எங்கே போய்ச் சேரணும்னே தெரியாம வருஷக்கணக்கா மாத்திரை ஓடிட்டு இருக்கும். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஸ்கோப் விஷயத்துல உங்க டாக்டர் சொல்றது சரி, மறுக்காம பண்ணிக்கோங்க. அசத்தையோப்ரினா பயாலஜிக்கான்னு இப்பவே மண்டையை உடைச்சுக்க வேண்டாம், அது ஸ்கோப்புக்கு அப்புறம் பேச வேண்டிய பேச்சு.

ரத்தம் நின்னா போதும்னு நாங்களும் ஒரு காலத்துல நினைச்சவங்கதான். அதுக்கும் முன்னாடி, 1955-ல ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர்கள் ட்ரூலவ்வும் விட்ஸும் கார்டிசோன்ங்கற ஸ்டீராய்டை வச்சு கொலைட்டிஸுக்கு நடத்தின ட்ரையலோட முடிவை வெளியிட்டப்போ கேள்வியே ஆளு பிழைக்குமா பிழைக்காதாங்கறதுதான், ஏன்னா அப்போ கடுமையா வந்தா உயிரே போற நோய் இது. பிழைக்க வைக்க முடியும்னு ஆனதுக்கப்புறம் வலியும் ரத்தமும் நின்னா வெற்றின்னு வச்சுக்கிட்டோம். அப்புறம் ஸ்கோப் சகஜமாகி, நல்லா இருக்கேன்னு சொல்றவங்க குடலையும் உள்ளே போய்ப் பார்க்க ஆரம்பிச்சப்போதான் தெரிஞ்சுது, கணிசமான பேருக்கு வெளில எல்லாம் ஓகே, உள்ளே நீறு பூத்த நெருப்பா கனிஞ்சுட்டேதான் இருக்கு. அந்த மாதிரி இருக்கறவங்களுக்குத்தான் திரும்பத் திரும்ப நோய் கிளம்புது, ஸ்டீராய்டு தேவைப்படுது, ஆஸ்பத்திரில சேர வேண்டி வருது, சிலருக்கு குடலையே எடுக்கற நிலைமை வருது. உள்தோல் ஆறினவங்களுக்கு இதெல்லாம் குறைவு.

ஸ்கோப்ல நாங்க என்னதான் பார்க்கறோம்னு சொல்றேன், புரிஞ்சா பயமும் கொஞ்சம் குறையும். ஆரோக்கியமான பெருங்குடல் உள்தோல் வெளிர் இளஞ்சிவப்பா பளபளன்னு இருக்கும், அதுக்கு அடியில ஓடற சின்னச் சின்ன ரத்தக்குழாய் கிளை கிளையா தெளிவா தெரியும். வீக்கம் வந்தா முதல்ல மறையறது அந்தக் கிளைங்கதான், அப்புறம் தோல் சிவக்கும், பொறபொறன்னு ஆகும், இன்னும் அதிகமானா ஸ்கோப்போட முனை லேசா உரசினாலே ரத்தம் கசியும், கடைசில தானா ரத்தம் வடியற புண்ணு. இதுக்குத்தான் மேயோ ஸ்கோர்னு 0-லேர்ந்து 3 வரைக்கும் மார்க் போடறோம், மெசலமைனுக்கான ஒரு ஆராய்ச்சிக்காக 1987-ல வந்தது இது. 0 சுத்தமா ஆறினது, 3 புண்ணு. நீங்க ரத்தமே பார்க்காத நிலைமைலயும் உள்ளே 1 இருக்கலாம், 2 கூட இருக்கலாம், வெளிலேர்ந்து சத்தியமா சொல்ல முடியாது.

சரி, இலக்குக்கு வர்றேன். உலகம் முழுக்க இந்த நோயைப் பார்க்கற நிபுணர்கள் சேர்ந்து 2015-ல ஸ்ட்ரைட்னு ஒரு இலக்குத் தொகுப்பு போட்டாங்க, அதையே 2021-ல திருத்தி ரெண்டாவது பதிப்பு கொண்டுவந்தாங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்காம காலத்துக்கு ஏத்த மாதிரி பிரிச்சதுதான். மருந்து ஆரம்பிச்ச முதல் சில வாரத்துல உங்க தொந்தரவு குறையணும், அதுக்கடுத்து தொந்தரவு முழுசா நிக்கணும், கொலைட்டிஸ்ல அப்படின்னா ரத்தம் துளிகூட இல்லாம, நோய் வர்றதுக்கு முன்னாடி எத்தனை தடவை போனீங்களோ அந்த அளவுக்கு வரணும். கூடவே சிஆர்பி நார்மலாகணும், கால்ப்ரோடெக்டின் 100-லேர்ந்து 250-க்குள்ள எங்கேயாவது இறங்கணும். இதெல்லாம் தாண்டி நீண்டகால இலக்குன்னா ஸ்கோப்ல குடல் ஆறியிருக்கணும், கூடவே உங்க வாழ்க்கை நார்மலா இருக்கணும், நோயால முடங்கக் கூடாது. சின்னப் பசங்களா இருந்தா வயசுக்கேத்த வளர்த்தியும் சேர்த்தி. மைக்ராஸ்கோப்ல பார்த்தாகூட வீக்கம் இருக்கக் கூடாதுன்னு சில பேர் இன்னும் ஒரு படி மேல போவாங்க, கொலைட்டிஸ்ல அது இருந்தா நல்லதுதான், ஆனா அதை அடைஞ்சே ஆகணும்னு அந்தத் தொகுப்பே சொல்லல, நானும் அதுக்காக மருந்தை ஏத்த மாட்டேன்.

அந்தக் கடைசி இலக்கைக் கொஞ்சம் கவனிங்க. "நல்லாத்தான் இருக்கேன்"னு எழுதின கையோட வெளியூர் போனா டாய்லெட்டைத் தேடி வச்சுக்கறதா எழுதியிருக்கீங்க, அது பழகிடுச்சுன்னு வேற. நாலு வருஷம் இதோட வாழ்ந்தா எது நார்மல்னே மறந்துபோகும், குத்தம் சொல்லல. ஆனா வந்தா அடக்க முடியாதுங்கற பயம் இருக்குன்னா பெரும்பாலும் ஒண்ணு மலக்குடல்ல வீக்கம் இன்னும் மிச்சம் இருக்கு, இல்ல பழைய வீக்கத்தால அது விரிஞ்சு குடுக்கற தன்மையைக் கொஞ்சம் இழந்திருக்கு. ரெண்டுல எதுன்னு ஸ்கோப் இல்லாம சொல்றது கஷ்டம். டாக்டர்கிட்ட எத்தனை தடவை போறீங்கங்கறதோட இதையும் சொல்லுங்க, சொல்லலேன்னா நாங்க கேக்கறதில்ல, எங்க பக்கமும் தப்புதான்.

இப்போ அந்த 680. கால்ப்ரோடெக்டின்ங்கறது நியூட்ரோஃபில்னு சொல்ற வெள்ளணுக்குள்ள நிறைய இருக்கற ஒரு புரதம், குடல்ல வீக்கம் இருந்தா அந்த அணுக்கள் அங்கே கூடும், கூடினது மலத்தோட வெளில வரும். ஒரு கிராம் மலத்துக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழன்னா பொதுவா நார்மல். 680ங்கறது கண்ணை மூடிட்டுப் போற நம்பர் இல்ல. சிஆர்பி நார்மல்னு நிம்மதியா இருக்காதீங்க, அது உடம்புல வீக்கம் இருந்தா கல்லீரல் ரத்தத்துல விடற புரதம், கொலைட்டிஸ்ல அதுவும் பாதிப்பு இடது பக்கத்தோட நிக்கறப்போ பல பேருக்கு அது ஏறவே ஏறாது. அதே சமயம் கால்ப்ரோடெக்டின் ஏறினா கொலைட்டிஸ்தான் காரணம்னும் இல்ல. முட்டி வலி, மாதவிடாய் வலின்னு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை போட்டிருந்தாலும் ஏறும், வயித்துல ஏதாவது கிருமித் தொற்று வந்து போயிருந்தாலும் ஏறும். அதனாலதான் ஒரே ஒரு நம்பரை வச்சு பெரிய மருந்துக்குத் தாவறது எனக்கும் பிடிக்காது. அமெரிக்கன் கேஸ்ட்ரோஎன்டராலஜிக்கல் அசோசியேஷன் 2023-ல குடுத்த வழிகாட்டுதலும் இதையேதான் சொல்லுது, தொந்தரவு இல்லாதவங்களுக்கு டெஸ்ட் மட்டும் ஏறியிருந்தா மருந்தை மாத்தறதுக்கு முன்னாடி ஸ்கோப்ல பாருன்னு. ஆக உங்க டாக்டர் கேக்கறது ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பண்ண இல்ல, ரிப்போர்ட் சொல்றது உண்மையான்னு பார்க்க.

உங்களுக்கு முழு கொலனோஸ்கோப்பி வேணும்னும் இல்ல. சிக்மாய்டோஸ்கோப்பின்னு கீழ்ப்பக்கம் மட்டும் பார்க்கறது இருக்கு, லிட்டர் கணக்கா மருந்து குடிச்சு வயித்தைக் கழுவ வேண்டாம், எனிமா போட்டுட்டு பெரும்பாலும் மயக்க ஊசிகூட இல்லாம சில நிமிஷத்துல முடிஞ்சுடும். இடது பக்க நோய்க்கு அதுவே நிறைய சொல்லும், கேட்டுப் பாருங்க.

இப்படி டெஸ்ட்டைப் பார்த்துப் பார்த்து மருந்தைத் திருத்தினா நிஜமாவே பலன் இருக்கான்னு சந்தேகம் வரலாம். 2017-ல வெளியான கால்ம்ங்கற ஆராய்ச்சில ஒரு குழுவுக்கு தொந்தரவை முக்கியமா வச்சும், இன்னொரு குழுவுக்கு அதோட சிஆர்பி, கால்ப்ரோடெக்டினையும் சேர்த்தும் மருந்தை ஏத்தினாங்க, 48 வாரம் கழிச்சு ஸ்கோப்ல பார்த்தா முதல் குழுல 30 சதவீதம் பேருக்கு குடல் ஆறியிருந்துச்சு, டெஸ்ட்டையும் பார்த்த குழுல 46 சதவீதம். ஆனா இது ஆரம்பகட்ட க்ரோன்ஸ் (கொலைட்டிஸுக்கு உறவுக்கார குடல் வீக்க நோய்) நோயாளிகள்ல அடாலிமுமாப்ங்கற பயாலஜிக் ஊசியை வச்சுப் பண்ணினது, அப்படியே உங்க கேஸுக்கு ஒட்ட வைக்க முடியாது. இன்னொண்ணும் பாருங்க, அவ்வளவு கண்காணிச்சும் பாதிப் பேருக்கு மேல முழுசா ஆறல. இலக்குன்னு ஒண்ணு வச்சா எல்லாரும் தொட்டுடுவாங்கன்னு அர்த்தமில்ல.

அடுத்து கொஞ்சம் கண்டிப்பாவே சொல்ல வேண்டிய விஷயம். வாரத்துல ரெண்டு நாள் விட்டுப்போகுதுன்னு சாதாரணமா எழுதிட்டீங்க. ஏழு நாள்ல ரெண்டு நாள் போனா எழுபது சதவீதம் சொச்சம்தான் உள்ளே போகுது. அமைதியா இருந்த கொலைட்டிஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிச்சு 2003-ல வெளியான ஒரு ஆராய்ச்சில, எண்பது சதவீதத்துக்கும் குறைவா மெசலமைன் போட்டவங்களுக்கு நோய் திரும்பற வாய்ப்பு ஒழுங்கா போட்டவங்களைவிட அஞ்சு மடங்கு அதிகமா இருந்துச்சு. அதனால அசத்தையோப்ரின் பத்தி யோசிக்கறதுக்கு முன்னாடி, கையில இருக்கற மருந்தை முழுசா யூஸ் பண்ணிட்டோமான்னு பார்க்கணும், உங்க கேஸ்ல பண்ணலன்னுதான் எனக்குப் படுது. மெசலமைனைப் பிரிச்சுப் பிரிச்சுப் போடணும்னு அவசியம் இல்ல, மொத்தமா ஒரே வேளையா போட்டாலும் வேலை செய்யும், பல் தேய்க்கற பிரஷ்ஷுக்குப் பக்கத்துல வச்சா மறக்காது. டோஸை 4.8 கிராம் வரைக்கும் ஏத்த இடம் இருக்கு. அதோட முக்கியமா, இடது பக்க நோய்க்கு மாத்திரையோட மெசலமைன் எனிமாவும் சேர்த்தா தனி மாத்திரையைவிட நல்லா கேக்கும், மருந்து நேரா புண்ணு இருக்கற இடத்துக்கே போகுதுல்ல. எனிமான்னதும் முகம் சுளிக்காதவங்களை நான் பார்த்ததில்ல. ராத்திரி படுக்கப் போறப்ப, டாய்லெட் போய்ட்டு வந்து, பாட்டிலைக் கொஞ்ச நேரம் கையில வச்சு குளிர்ச்சி போனதும், இடது பக்கமா ஒருக்களிச்சு வலது முட்டியை மடக்கிப் படுத்துக்கிட்டு மெதுவா அழுத்துங்க, அவசரமா அழுத்தினா உடனே வெளில வரத் தோணும். அரை மணி நேரம் அப்படியே படுத்திருந்தா போதும், அப்படியே தூங்கிட்டா இன்னும் நல்லது. முதல் சில நாள் நிக்காது, விட்டுடாதீங்க.

இப்படி ஒழுங்கா ரெண்டு மூணு மாசம் போட்டுட்டு கால்ப்ரோடெக்டினைத் திரும்பப் பார்க்கலாம். ஸ்கோப்ல 0 வந்தா மருந்தை ஏத்த வேண்டியதே இல்ல, இருக்கறதை ஒழுங்கா போட்டா போதும். 1 வந்தா, உங்க மாதிரி ரத்தம் இல்லாத ஆளுக்கு, நான் மெசலமைனையும் எனிமாவையும் முழு அளவுல குடுத்துட்டுப் பார்ப்பேன், அதுக்காக பயாலஜிக் எழுத மாட்டேன், இங்கே டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறும். 2, 3 வந்து, முழு டோஸ்லயும் அசையலன்னா அப்போ உங்க டாக்டர் சொன்ன மருந்துங்க நியாயம்தான், அதுவும் ஒரே வருஷத்துல ரெண்டு தடவை ஸ்டீராய்டு தேவைப்பட்டிருக்குங்கறதே இப்போ குடுக்கற வைத்தியம் பத்தலங்கறதுக்கு அடையாளம்.

ஸ்டீராய்டு அட்டையை எடுத்துத் தூரப் போடுங்க. ப்ரெட்னிசோலோன் ரத்தத்தை டக்குனு நிறுத்தும், அதுதான் அதுகிட்ட இருக்கற வம்பு, நல்லாயிடுச்சுன்னு தோண வச்சுடும், ஆனா நோயை நீண்டநாள் அடக்கி வைக்காது. தொடர்ந்து போட்டா எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், திடீர்னு நிறுத்தினா உடம்புல சுரக்கற இயற்கையான ஸ்டீராய்டு ஈடுகுடுக்க முடியாம ஆள் சுருண்டுடலாம். இன்னொரு விஷயம், ரத்தம் வர்றதெல்லாம் கொலைட்டிஸ் கிளம்பினதுன்னு அர்த்தமில்ல, க்ளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில்னு ஒரு கிருமி அச்சு அசலா இதே மாதிரி பண்ணும், மல டெஸ்ட் பண்ணாம ஸ்டீராய்டு போட்டா நிலைமை மோசமாகலாம். இலக்குன்னா ஸ்டீராய்டு இல்லாத அமைதிதான், ஸ்டீராய்டோட வர்ற அமைதியை நாங்க கணக்குல சேர்க்கறதே இல்ல.

அசத்தையோப்ரின் பத்தி சுருக்கமா. அது வேலை செய்யவே ரெண்டு மூணு மாசம் ஆகும், ஆரம்பத்துல அடிக்கடி ரத்த அணுக்களும் கல்லீரலும் பார்க்கணும். என்யுடிடி15னு ஒரு ஜீன் மாறுபாடு ஆசிய வம்சாவளிக்காரங்ககிட்ட அதிகம், அது இருந்தா சாதாரண டோஸே வெள்ளணுக்களைப் பாதாளத்துக்கு இறக்கிடும், அதனால வசதி இருந்தா டெஸ்ட் பண்ணிட்டு ஆரம்பிக்கறது உத்தமம். பயாலஜிக்னா இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப், வெடோலிசுமாப் மாதிரி, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மறைஞ்சிருக்கற டிபி இருக்கா, ஹெபடைட்டிஸ் பி இருக்கான்னு கண்டிப்பா பார்ப்பாங்க. பார்க்கலன்னா நீங்களே கேளுங்க.

இப்போ குழந்தை விஷயம், இதுல நிறைய பேர் தலைகீழா யோசிக்கறாங்க. கருவுக்கு ஆபத்து மாத்திரையால வரும்னு நினைச்சு எல்லாத்தையும் நிறுத்திட்டு முயற்சி பண்றாங்க, மூணு மாசத்துல நோய் கிளம்பி, அந்தக் கிளம்பின நோய்தான் கரு கலையறதுக்கும் குறைமாசப் பிரசவத்துக்கும் எடை குறைஞ்ச குழந்தைக்கும் வழி பண்ணுது. நோய் அமைதியா இருக்கறப்ப கரு தங்கினா பெரும்பாலும் மத்தவங்க மாதிரியேதான் போகும். நோய் கிளம்பியிருக்கறப்ப தங்கினா கர்ப்பம் முழுக்க அது அடங்காமப் போகற வாய்ப்பு அதிகம். அதனால உங்க கணக்குல இன்னொரு இலக்கையும் சேர்த்துக்கோங்க, ஸ்டீராய்டு இல்லாம குறைஞ்சது மூணுலேர்ந்து ஆறு மாசம் நிஜமான அமைதி, அதுவும் ஸ்கோப் இல்ல கால்ப்ரோடெக்டின் உறுதிப்படுத்தின அமைதி, அப்புறம் முயற்சி. இதுக்காகவேகூட இப்போ ஸ்கோப் பண்றது புத்திசாலித்தனம், கரு தங்கினதுக்கப்புறம் இதையெல்லாம் பார்க்கறது எல்லாருக்கும் தொல்லை.

மெசலமைனை நிறுத்தவே வேண்டாம். அசத்தையோப்ரின் ஏற்கனவே ஒத்துப்போய் ஓடிட்டு இருந்தா கர்ப்பத்துலயும் தொடரலாம், ஆனா கர்ப்பத்துல புதுசா ஆரம்பிக்கறதைத் தவிர்ப்போம், ஆகவே தேவைன்னா அதுக்கான நேரம் இப்போதான். நான் மேல சொன்ன மூணு பயாலஜிக்கையும் தொடரலாம், குழந்தை பொறந்ததும் பிசிஜி மாதிரி உயிருள்ள தடுப்பூசிகளை எப்போ போடணும்னு குழந்தை டாக்டர்கிட்ட மருந்து பேரைச் சொல்லிக் கேக்கணும். மெத்தோட்ரெக்ஸேட் கூடவே கூடாது, முயற்சிக்கு மாசக்கணக்குல முன்னாடியே நிறுத்தணும். டோஃபாசிட்டினிப், உபாடாசிட்டினிப் மாதிரி மாத்திரைகளும் வேண்டாம். ஃபோலிக் ஆசிடை இப்பவே ஆரம்பிச்சுடுங்க, கூடவே ஹீமோக்ளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இருக்கற இரும்புச்சத்து இருப்பு), விட்டமின் டி பாருங்க, ரத்தம் போன உடம்புல இரும்புச்சத்து காலியாகி இருந்தா சோர்வை நோய்னே நினைச்சுட்டு இருப்போம்.

இலக்கு இலக்குன்னு இவ்வளவு சொல்லிட்டேன், அதைத் துரத்தறதுக்கும் ஒரு எல்லை இருக்கு. ஸ்கோப்ல குடல் சுத்தமா இருந்தும் வயிறு உப்பறது, அடிக்கடி போறதுன்னு சில பேருக்கு இருக்கும், அது வீக்கம் இல்ல, குடல் நரம்போட கூச்சம், அதுக்குப் போய் நோய் எதிர்ப்பைக் குறைக்கற மருந்தை ஏத்தினா பக்கவிளைவு மட்டும்தான் மிச்சம். வயசானவங்க, ஏற்கனவே நாலஞ்சு மருந்து தோத்துப்போனவங்க, அவங்களுக்கெல்லாம் 0 வந்தே ஆகணும்னு அடம்பிடிக்க மாட்டேன், ரத்தம் இல்லாம வேலைக்குப் போய்ட்டு வந்தா அதுவே பெரிசு. ஆனா உங்களுக்கு 31 வயசு, நோய்க்கு நாலு வயசு, பெரிய மருந்து எதையும் இன்னும் தொடவே இல்ல. நீங்க கொஞ்சத்துல திருப்திப்பட வேண்டிய ஆள் இல்ல. வருஷக்கணக்கா நீடிக்கற வீக்கம்தான் பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தையும் ஏத்துது, அதுக்கான கண்காணிப்பு கொலனோஸ்கோப்பி நோய் ஆரம்பிச்சு எட்டு வருஷத்துலேர்ந்து தொடங்கும், அதை டைரில குறிச்சு வச்சுக்கோங்க, இப்போ அதுக்காகப் பதற வேண்டாம்.

நடுவுல எப்பவாவது ஒரு நாள்ல ஆறு தடவை, அதுக்கு மேல ரத்தத்தோட போய், கூடவே காய்ச்சலோ நாடித்துடிப்பு 90-க்கு மேலயோ இருந்தா அப்பாய்ன்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இந்த அளவுகோல் நான் முதல்ல சொன்ன அதே ட்ரூலவ், விட்ஸ் வகுத்தது, இன்னைக்கும் இதைத்தான் பார்க்கறோம்.

சாம்பிள் விஷயம்: காலைல முதல்ல போற மலத்தைக் குடுங்க, ஒரே ஆளுக்கே ஒரே நாள்ல நம்பர் ஏறி இறங்கும், ஒவ்வொரு தடவையும் ஒரே நேரம்னா ஒப்பிட வசதி. முடிஞ்சா எப்பவும் ஒரே லேப்ல குடுங்க, லேபுக்கு லேப் கிட் மாறும். அதுக்கு முந்தின சில வாரம் வலி மாத்திரை எதுவும் வேண்டாம், வலின்னா பாராசிட்டமால் போதும்.